சுற்றாடற் கல்வியும் பணியிட ஆண்டும்

திருகோணமலைக் கடலை வைகாசியிற் கண்டவனும் மார்கழியிற் கண்டவனும் தத்தம் காட்சியை எழுதி வைப்பாராயின், அவ்விரண்டும் ஒரே கடலைப் பற்றியன என்று பிறர் நம்புதல் அரிது. கச்சான் காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுங் காலத்திலே நிலாவெளிக் கரையில் நீர் தெளிந்து கிடக்கும். கரைவலை இழுப்போரின் குரல் விடியற்காலையிற் கேட்கும். புறாமலைக்குச் செல்வோர் நீருக்கடியிற் கிடக்கும் முருகைக் கற்களைப் படகில் இருந்தவாறே காண்பர். ஐப்பசியிற் காற்று மாறுகின்றது. வாடையோடு மழை வருகின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அடுத்த மூன்று நான்கு திங்களிலே பெய்து தீர்ந்துவிடும். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி, 335 கிலோமீற்றர் வழியெல்லாம் அள்ளிய மண்ணைக் கொட்டியாரக் குடாவிற் கொண்டுவந்து சேர்க்கும். குடாவின் நீர் கலங்கி மண்ணிறங் கொள்ளும். சிறு வள்ளங்கள் கரையேறிவிடும்.

சுற்றாடற் பட்டப்படிப்பைப் பற்றி எழுதப் புகுந்தவன் காற்றையும் வெள்ளத்தையும் முதலிற் கூறுவது ஏனெனின், அப்படிப்பைக் குறித்துப் பெற்றோர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் வினாவொன்றிற்கு விடை அங்கேயே கிடத்தலினால் என்க. பல்கலைக்கழகக் கல்வியின் நடுவே ஓராண்டை ஒரு பணியிடத்திற் கழிக்கவேண்டும் என விதிக்கும் பாடநெறிகள் உலகிற் பலவுள. அவற்றைப் பற்றி உயர்தர வகுப்பு மாணவர்க்கு எடுத்துரைத்த மறுநாள், மாணவனொருவனின் தந்தையார், கடற்றொழில் செய்பவர், பாடசாலை வாயிலில் என்னை நிறுத்தி, "மூன்று வருசத்தில முடியிற படிப்புக்கு நாலு வருசம் என்னத்துக்கு மாஸ்டர்?" என்றார். நியாயமான வினா. உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்கும் அனுமதிக்குமாகக் காத்திருக்கும் மாதங்களை அவர் அறிவார். அதன்மேல் இன்னுமோர் ஆண்டு எனின், வீட்டில் உழைக்கத்தக்க ஒரு கை இன்னுமோர் ஆண்டு இல்லை என்பதே பொருள்.

சுற்றாடல் என்பது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் தனிப்பாடமாக இருந்ததன்று. தாவரவியலார் ஒரு பகுதியையும் இரசாயனவியலார் ஒரு பகுதியையும் புவியியலார் ஒரு பகுதியையும் கற்பித்து வந்தனர். 1972ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் கூட்டிய மாநாட்டின் பின்னரே நாடுகள் சட்டங்களையும் திணைக்களங்களையும் இதற்கென ஆக்கத் தொடங்கின. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1987இல் நோர்வே நாட்டுப் புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த உலக ஆணைக்குழுவின் அறிக்கை, 'நிலைபேறான அபிவிருத்தி' என்னுந் தொடரை எங்கும் பரப்பிற்று. இன்றைய தேவையை நிறைவேற்றுங்கால் நாளை வருவோரின் தேவைக்கு இடையூறு செய்யாதிருத்தல் என்பது அதன் கருத்து. சிறுகண் வலையாற் குஞ்சுகளையும் வாரிவிட்டால் மறுவருடம் என்ன பிடிப்பது என்று கேட்கும் கிழவரெவரும் இதனைப் புத்தகமின்றி அறிவர். எனினும் எத்தனை குஞ்சு, எந்தத் திங்களில், எந்த ஆழத்தில் என்று கேட்குமிடத்திலேதான் பல்கலைக்கழகத்தின் வேலை தொடங்குகின்றது.

பணியிட ஆண்டு என்னும் ஏற்பாடு எந்திரவியலாரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் தொழினுட்பக் கல்லூரி 1903இலே இதனைத் தொடங்கியது என்பர். 1906இல் அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்திலே ஹேர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 27 மாணவரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் ஒருவாரம் வகுப்பிலிருக்க மற்றவன் தொழிற்சாலையிலிருப்பான். அடுத்தவாரம் இடம் மாறுவர். கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் தோன்றியபோதே இம்முறையைத் தன் அடித்தளமாகக் கொண்டது. 1966இல் இங்கிலாந்திற் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற பாத், சறே, லவ்பரோ, புரூனல் முதலியனவும் இம்மரபினவே. இரு பாண் துண்டங்களின் நடுவே உள்ளீடு வைத்தாற்போலப் படிப்பின் நடுவே பணி வருதலின் இதனைச் 'சாண்ட்விச்' முறை என அங்கே வழங்குவர். நடுவே ஓராண்டு முழுதும் வருவது 'தடித்தது'. அரையாண்டு அரையாண்டாகப் பிரிந்து வருவது 'மெல்லியது'. பெயர் சற்று நகைப்பிற்குரியதாயினும் பொருள் தெளிவாகவே உள்ளது.

சுற்றாடற் கல்வியில் அஃது இவ்வாறு நடைபெறும். முதலிரண்டு ஆண்டுகளில் உயிரியல், இரசாயனவியல், நிலவியல், புள்ளிவிவரவியல், சுற்றாடற் சட்டம், பொருளியல் ஆகியவற்றின் அடிப்படைகள் கற்பிக்கப்படும். மூன்றாமாண்டில் மாணவன் ஒரு திணைக்களத்திலோ ஆய்வு நிலையத்திலோ ஆலையிலோ சேர்வான். அங்கே ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆசிரியரொருவர் இடையிடையே வந்து பார்ப்பார். நாளேடு எழுதவேண்டும். முடிவில் அறிக்கை கொடுக்கவேண்டும். நான்காமாண்டில் மீண்டும் வகுப்பிற்கு வருங்கால், தான் கண்ட சிக்கலொன்றையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வான்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் தொழிற்பயிற்சி புதியதன்று. எந்திரவியல் மாணவரைப் பயிற்சிக்கு அமர்த்துவதிலே தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபைக்குப் பங்குண்டு. பதுளையில் 2005இல் அமைந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தன் பட்டநெறிகளிலே பணியிடப் பயிற்சிக்கு இடம் வகுத்தது. அயலிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிற் சுற்றாடல் விஞ்ஞானம் பயிலலாம். நம் மாவட்டத்திலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலே கடலோசை கேட்குந் தொலைவில் இருக்கின்றது. ஆயினும் நம் நாட்டிற் பயிற்சி பெரும்பாலும் சில மாதங்களோடு முடிந்துவிடும். ஏனைய துறைகளுக்கு அது போதுமாகலாம். கணக்காளனொருவன் ஒரு காலாண்டின் கணக்கைப் பார்த்தால் அடுத்த காலாண்டின் கணக்கையும் ஒருவாறு அறிந்துகொள்வான். கொட்டியாரக் குடாவை அவ்வாறு அறிதல் இயலாது.

இதனை ஒரு கருவியைக் கொண்டு விளக்குவேன். 1865ஆம் ஆண்டில் அஞ்சலோ செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார், வானியலறிஞர், பாப்பரசரின் கப்பலொன்றிலே சென்று மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றிற் கட்டி இறக்கினார். தட்டுக் கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவுக்கு அளவு. இன்றும் கடலாய்வாளர் இதே முறையைக் கையாளுகின்றனர். 30 சென்ரிமீற்றர் அகலமான ஒரு வெள்ளைத் தட்டு, அடியில் ஓர் ஈயக்கட்டி, மீற்றருக்கொரு முடிச்சிட்ட கயிறு. நம்மூர்த் தச்சர் ஒரு பகற்பொழுதிற் செய்து தருவார். கருவி எளிது, ஆனால் ஒருநாள் எடுத்த அளவினாற் பயனில்லை. ஆனியில் வந்து அளந்த மாணவன் 'கொட்டியாரக் குடாவின் நீர் தெளிவானது' என்று எழுதுவான். கார்த்திகையில் வந்தவன் 'கலங்கலானது' என்று எழுதுவான். இருவர் எழுதியதும் மெய். இருவரும் குடாவை அறிந்தவரல்லர்.

தெளிவு மட்டுமன்று. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மழைக்காலத்தில் ஆற்றுநீர் குடாவினுட் புகுங்கால், உப்புநீரிலும் அது பாரம் குறைந்ததாகலின் மேலே மிதந்து பரவும். கீழே உவர்நீர் கிடக்கும். மேல்நீரை மட்டும் போத்தலில் எடுத்துச் சோதிப்பவன் முழுக் குடாவும் நன்னீராயிற்றென்று எண்ணக்கூடும். கந்தளாய், தம்பலகாமம் வயல்களிலிருந்து வடியும் நீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கலந்து வரும்; அவை எத்தகைய அளவின என்பது விதைப்புக் காலத்திற்கும் அறுவடைக் காலத்திற்கும் வேறுபடும். நீரிற் கரைந்த ஒட்சிசனோ ஒரே நாளிலும் விடியற்காலையிற் குறைந்து பிற்பகலிற் கூடும். ஆகவே எந்தத் திங்களில், எந்த நேரத்தில், எந்த ஆழத்தில் என்னும் மூன்றும் இல்லாத எண் வெறும் எண்ணேயாம்.

புறாமலையை எடுத்துக்கொள்வோம். 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. கடல்நீர் வழக்கமான கோடைவெப்பத்திலும் ஓரிரு பாகை மிகுந்து பல கிழமை நிலைக்குமாயின், முருகைப் பூச்சியின் உடலில் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறிவிடும்; முருகை வெளிறும்; வெப்பந் தணியாவிடின் இறக்கும். 1998இல் இலங்கையின் தென், மேற்குக் கரைகளிலே முருகைத் தொடர்கள் பெருமளவில் இவ்வாறு அழிந்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பிற்று. அளவுநாடாவை நீருக்கடியில் விரித்து, அரைமீற்றருக்கு ஒருமுறை கீழே கிடப்பது உயிருள்ள முருகையோ இறந்ததோ மணலோ என்று குறித்துவரும் வேலை ஒரு மாணவனாற் செய்யக்கூடியதே. ஆனால் அவன் சித்திரை வைகாசி வெப்பத்திற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அந்நாடாவை விரித்திருக்கவேண்டும். இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்தவனிடம் 'முன்' இருக்கும், 'பின்' இராது. அல்லது 'பின்' இருக்கும், 'முன்' இராது.

வடக்கே புல்மோட்டையிற் கரைமணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. அங்கே அகழ்ந்த குழியை வாடைக்காலத்து அலைகள் புதிய கனியமணலால் நிரப்புகின்றன. எவ்வளவு எடுக்கப்படுகின்றது, எவ்வளவு மீள்கின்றது, கரை உள்வாங்குகின்றதா என்பன நிலைபேற்றின் இலக்கணத்திற்கே எடுத்துக்காட்டாகத்தக்க வினாக்கள். காற்று மாறுமுன் ஒருமுறையும் மாறியபின் ஒருமுறையும் கரையை அளவாமல் இவற்றிற்கு விடை கூறவியலாது. சீனன்குடாவிலே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்று 99 நிற்கின்றன; 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானியர் வான்வழித் தாக்குதலில் எரிந்த தாங்கியின் எச்சத்தைக் காண இன்றும் ஆட்கள் போகின்றனர். தாங்கிகளின் அடிமண்ணையும் அயற்கிணறுகளையும் ஆண்டு முழுதும் சோதித்தல் மற்றொரு மாணவனுக்குரிய வேலை. மாவாலை, சீமெந்து ஆலை, மீன்பிடித் துறைகள் என்பவற்றை விரிப்பின் கட்டுரை நீளும்.

இவையெல்லாம் பல்கலைக்கழக மாணவனின் பட்டத்திற்கு மட்டும் உதவுவன என்று எண்ணற்க. சம்பூரை நினைத்துப் பார்க்கலாம். 2006இல் இடம்பெயர்ந்து நெடுங்காலம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்த மக்களின் அந்நிலத்திலே, 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் ஒன்று அமைக்கத் திட்டமிடப்பட்டது. அத்தகைய நிலையம் கடல்நீரை உறிஞ்சி இயந்திரங்களைக் குளிர்வித்து, வெப்பமேறிய நீரைக் கடலுக்கே திருப்பிவிடும். சாம்பலுக்கும் இடம் வேண்டும். சுற்றாடலியலார் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2016 செப்டெம்பரிலே நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாதென்று அரசின் சார்பில் நீதிமன்றத்திற்குத் தெரிவிக்கப்பட்டது. 2025 ஏப்பிரிலிற் சம்பூரிலே 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்திற்கான பணி தொடங்கிவைக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஆசிரியனாகிய என் மனத்தைத் தைத்தது ஒன்றே. 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, குறித்த வகைப் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்படவேண்டும். அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துக் கூற 30 வேலை நாட்கள் உண்டு. சட்டம் நன்று. ஆனால் முப்பது நாளில் ஒரு குடாவை அளக்க எவரால் முடியும்? வெப்பநிலை, உப்பு, ஒட்சிசன், மீன்குஞ்சு ஆகியவற்றின் அட்டவணைகள் நிறைந்த ஒரு தடித்த நூல், பெரும்பாலும் ஆங்கிலத்தில், மேசைமேல் வைக்கப்படும்போது, 'இவ்வட்டவணையில் வாடைக்காலத்து எண்கள் எங்கே?' என்று கேட்கக்கூடியவன் ஊரில் ஒருவனாவது இருத்தல்வேண்டும். அவன் அக்கேள்வியைக் கேட்பது தான் முன்னரே ஓராண்டு அக்குடாவை அளந்திருப்பதனால். 'எங்கள் கடல் கெட்டுவிடும்' என்று கூறுவோரை அதிகாரிகள் பொறுமையோடு கேட்டு அனுப்பிவிடுவர். எண்ணோடு வருபவனுக்கு எண்ணோடு விடை கூறியாகவேண்டும்.

யான் வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்றவன். பகலிற் பாடசாலை, இரவிற் குறிப்புகள். புவியியல் வினாத்தாளிற் பொங்குமுகம் பற்றிய வினாவிற்குத் தேம்சு நதியின் படத்தை வரைந்து எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்திருக்கவேண்டும். சைக்கிளில் அரைமணி நேரத்தில் எட்டக்கூடிய உப்பாற்றின் உவர்ப்பை ஒருநாளும் அளந்ததில்லை. குறை எவருடையதுமன்று, கருவியும் வழிகாட்டியுமின்றித் தனியே படிப்பவன் நூலிலுள்ள ஆற்றையே அறிவான். பின்னொருநாள் மாணவரைக் களப்பயணம் அழைத்துச் சென்றபோது, கடற்றொழிலாளி மகனொருவன், "இந்தத் தண்ணி மேலால நல்ல தண்ணி, கீழால உப்பு, சேர், கால் வைச்சா குளிர் வித்தியாசம் தெரியும்" என்றான். பட்டம் பெற்றுப் பல ஆண்டு கழிந்தபின் யான் கற்ற முதற் பாடம் அது. அவனுக்கு அறிவு இருந்தது, அதை எழுதும் முறை இல்லை. எனக்கு முறை இருந்தது, அறிவு இல்லை. இவ்விரண்டையும் ஒருவனிடத்திற் சேர்ப்பதற்கே பணியிட ஆண்டு வேண்டுமென்கின்றேன்.

ஆயினும் பெயரளவிலான பயிற்சியைப் பற்றி எச்சரித்தல் கடனாகும். பயிற்சிக்கென்று சென்று, மாதக்கணக்கிற் கோப்புகளை அடுக்கியும் பிரதி எடுத்தும் திரும்பிய பிள்ளைகளை யான் அறிவேன். ஒரு மாணவிக்கு நாளேட்டில் எழுத ஒன்றுமில்லாமல், அலுவலகத்திற்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையை எழுதினாள். ஓராண்டு இவ்வாறு கழியுமாயின் அத்தந்தையாரின் வினாவிற்கு விடை 'ஆம், வீண்தான்' என்பதே. மாணவன் பணியிடத்திற்குப் போகுமுன்னரே அவனுக்குரிய வினாவொன்று, ஒரே வினா, எழுத்தில் வகுக்கப்பட வேண்டும். அதற்கு வேண்டிய படகும் கருவியும் யார் தருவர் என்பது தெரிந்திருக்க வேண்டும். கடலிற் செல்வோருக்கு உயிர்காப்பு அங்கியும் நீந்தத் தெரிந்த துணையும் வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தங்குமிடம் முன்னரே ஒழுங்காக வேண்டும். இதனைச் சிறு காரியமென்று விட்டுவிடுவதினாலேயே பலர் வீட்டிற்கு அண்மையான அலுவலகத்து மேசையோடு நின்றுவிடுகின்றனர். படி கொடுக்கப்படவேண்டும் என்பது எல்லாவற்றினும் முக்கியம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஊதியமில்லாத ஓராண்டு, பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் திறக்கும் கதவாகிவிடும். எழுதும் அறிக்கையிற் பத்துப் பக்கமேனும் தமிழில் அமைந்து, அளந்த துறையின் மீனவர் சங்கத்திற்கு ஒரு பிரதி செல்லவேண்டும் என்பது என் சொந்த விருப்பம்; இதனை எந்தப் பல்கலைக்கழகமும் விதித்ததாக யான் கேட்டதில்லை.

தந்தையாருக்கு அன்று வாயிலில் நின்றே விடை சொன்னேன். "கரைவலைக்கு இடம் பார்க்கிற ஆள் ஒரு கச்சானை மட்டும் பார்த்திட்டு வலை போடுவாரோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஆனா சாப்பாடு?" என்றார். அவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை. இம்மலரைப் படிக்குஞ் சிலரிடம் உண்டு.

நம் கல்லூரியின் பழைய மாணவர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் திணைக்களங்களிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கின்றனர். கடல்கடந்து வாழ்வோரும் பலர். ஆண்டுக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ தம் பணியிடத்தில் ஏற்று, படி கொடுத்து, தாமே மேற்பார்வை செய்ய முன்வருவோர், அல்லது ஒருவரின் ஓராண்டுப் படியைத் தாம் ஏற்க விரும்புவோர், தத்தம் பெயரைக் கல்லூரிக்கு அறிவிப்பாராக. உயர்தர மாணவர், பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலிலே பாடநெறிகளை வரிசைப்படுத்துமுன், பயிற்சி எத்தனை மாதம், அதற்குத் திறமைச்சித்தி கணிக்கப்படுகின்றதா, மேற்பார்ப்பவர் யார் என்பவற்றை அந்தந்தப் பீடத்திற்கு எழுதிக் கேட்டறிக. பயிற்சியைத் தொடங்கும் திங்களைத் தெரியும் உரிமை கிடைக்குமாயின் ஆவணியைத் தெரிக. அப்போது கச்சான் இன்னும் ஓய்ந்திராது, வாடை வருமுன் நீரை ஒருமுறையேனும் அளந்துகொள்ளலாம்.